கொள்ளைநோய்க் காலத்து மதிப்பெண்: மல்லேஸ்வரத்திலிருந்து ஒரு குறிப்பு

1898இல் பெங்களூரைத் தாக்கிய பிளேக்குக்குப் பின், நெரிசலான பேட்டையை விட்டு மக்கள் குடியேறிய அகன்ற தெருக்களின் பகுதி மல்லேஸ்வரம். 2020 மார்ச்சில் வந்த நோயோ, இங்குள்ள அறிவியல் மாணவரை ஆய்வகத்திலிருந்து கைப்பேசித் திரைக்கு அனுப்பியது.

அவ்வாண்டு ஏப்ரல் 29 அன்று பல்கலைக்கழக மானியக் குழு ஒரு வழி காட்டியது. தேர்வு நடத்த இயலாவிடில், இடைநிலைப் பருவத்தினருக்கு அகமதிப்பீட்டிலிருந்து 50 விழுக்காடும் முந்தைய பருவத்திலிருந்து 50 விழுக்காடும் தரலாம் என்றது. கர்நாடகமும் அவ்வழியே சென்றது. அன்றைய உயர்கல்வி அமைச்சர் அஸ்வத் நாராயண் மல்லேஸ்வரத்தின் சட்டமன்ற உறுப்பினர்.

ஆகவே அப்பருவத்து மதிப்பெண்ணில் பாதி, இணையவழி வகுப்பு தொடங்குமுன்னரே ஈட்டப்பட்டது. அளவுகோல் மாறியபின் முந்தைய ஆண்டுகளோடு அதை ஒப்பிடுவது பிழை. ப்யூரெட்டைத் தொடாமல் டைட்ரேஷன் கற்றவர் இழந்ததை அறிய, அவர்கள் ஆய்வகம் திரும்பிய பருவத்தின் செய்முறை ஏடுகளையே நாம் படிக்க வேண்டும்.