செம்பைத் தின்னும் உப்புக்காற்று

ஸ்பீக்கர் வயருக்கும் ஒரு வரலாறா என்று வாசகர் சிரிக்கக்கூடும். திருகோணமலை போன்ற துறைமுக நகரில் உண்டு.

1977இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. ஜப்பானிய ஒலிச்சாதனங்கள் கடைகளுக்கு வந்தன. வளைகுடாவில் உழைத்தோரின் பெட்டிகளிலும் வந்தன. அவற்றின் பின்புறத்தில் செருகும் முனைகளுள் ஒன்றான 'பனானா பிளக்', 1920களில் ஜெர்மனியில் ரிச்சார்ட் ஹிர்ஷ்மன் உருவாக்கியது. அவர் கடற்காற்றை எண்ணியிருக்க மாட்டார்.

காற்றிலுள்ள உப்பு ஈரத்தோடு சேர்ந்து செம்பைப் பச்சைக் களிம்பாக்குகிறது. அக்களிம்பு முனையோடு நிற்பதில்லை. நுண்கம்பிகளினூடே உறைக்குள்ளும் ஏறுகிறது. பாட்டு விட்டுவிட்டுக் கேட்கும். ஸ்பீக்கர் பழுதென்று பலர் புதியதற்குச் செலவழிப்பர். பரிதாபம்! பழுது பெரும்பாலும் முனையில்தான்.

அனுபவமுள்ள திருத்துநர் களிம்பைச் சுரண்டிக்கொண்டிருப்பதில்லை. செம்பு பளிச்சிடும் இடம்வரை வயரை வெட்டி, புதிய முனையை ஈயத்தால் பற்றவைத்து, உறையிட்டு மூடுவார்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை மாவட்டத்தின் கரையோர வீடுகளுள் புகுந்தபோது, காற்றுக்குப் பல்லாண்டு பிடித்த வேலையைக் கடல்நீர் சில நாட்களில் முடித்துவிடக்கூடியதாயிற்று. உப்புநீரில் நனைந்த வயரை வெயிலில் உலர்த்தினால் போதாது. நீர்தான் போகும், உப்பு உள்ளேயே தங்கும். அத்தகைய வயரை முழுமையாக மாற்றுவதே முறை. மாற்றும்போது நேர், எதிர் முனைகள் ஒரு ஸ்பீக்கரில் மட்டும் இடம்மாறினால் தாழ்ந்த ஒலி மெலிந்துவிடும். 1.5 வோல்ட் பற்றரியைக் கணநேரம் தொடுத்தால் உண்மை தெரியும்: சரியாயின் கூம்பு முன்னே வரும்.