தீயும் நீரும் சேராமல் காத்தவர்கள்

1903 ஜூன் 16 நள்ளிரவு. கொட்டும் மழையில், கடன்காரர்களின் கண்ணில் படாமல், கிறிஸ்தியானியா துறைமுகத்தை விட்டு ஒரு சிறிய கப்பல் நழுவியது. அந்த ஊர்தான் இன்றைய ஒஸ்லோ. கப்பலின் பெயர் யோவா. 47 டன் எடை, ஏழே பேர். தலைவர் ரோல்ட் அமுண்ட்சென். வட அமெரிக்காவின் தலைமேல் பனிக்கடல் வழியாக மேற்கே போய்ச் சேரும் பாதையை முதன்முதலில் கப்பலில் முழுதாகக் கடந்தது இந்தக் குழுதான். பாய்மரங்களோடு யோவாவில் 13 குதிரைத்திறன் கொண்ட ஒரு மண்ணெண்ணெய் எஞ்சினும் இருந்தது. ஏழு பேரில் பேடர் ரிஸ்ட்வெட், குஸ்தாவ் யூல் வீக் என்ற இருவர் எஞ்சினைக் கவனித்துக்கொண்டவர்கள்.

அந்தக் கோடையின் இறுதியில், எஞ்சின் அறையில் எண்ணெய்த் தொட்டி ஒன்று கசிவதை ரிஸ்ட்வெட் கவனித்துத் தலைவரிடம் சொன்னார். தொட்டியைக் காலி செய்யும்படி அமுண்ட்சென் உத்தரவிட்டார். சீக்கிரமே அந்த அறையில் தீப்பிடித்தது. அணைக்கும் அமளியில் அதே தொட்டியின் குழாய்த் திருகு பிய்ந்து போயிருந்தது பிறகுதான் தெரிந்தது. அதில் எண்ணெய் இருந்திருந்தால் பயணமும் ஏழு உயிர்களும் அன்றே முடிந்திருக்கும். கடல்வழியைக் கண்டவர் அமுண்ட்சென் என்று பள்ளிப் புத்தகங்கள் சொல்கின்றன. கசிவைக் கண்டவரின் பெயரையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

எஞ்சின் என்பதே கசிவுக்கு எதிராக இடைவிடாமல் நடக்கும் ஒரு போராட்டம். சிலிண்டருக்கு மூடியாக உட்காரும் 'ஹெட்'டுக்குள் ஒரு பக்கம் எரியும் வாயு. அதையொட்டியே, சூட்டைக் கடத்திச் செல்லும் நீர். இரண்டுக்கும் நடுவே இருக்கும் உலோகச் சுவர் பல எஞ்சின்களில் 4, 5 மில்லிமீட்டர்தான். அதில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் போதும். ரேடியேட்டரில் நீர் குறையும், புகைக்குழாய் வெள்ளையாகக் கக்கும், ஆயில் பால் கலந்த டீயின் நிறத்துக்கு வரும். கவனிக்காமல் ஓட்டினால் பேரிங்குகள் தேய்ந்து எஞ்சினே கட்டிப்போகும்.

இந்தச் சுவரை வார்க்கவும் அடைக்கவும் ஒஸ்லோ வெகு முன்பே கற்றுக்கொண்டது. நகரின் நடுவே பாயும் ஆக்கெர் ஆற்றின் கரையில்தான் நார்வேயின் தொழிற்சாலைகள் முளைத்தன. 1841-இல் தொடங்கி, பின்னர் துறைமுகத்துக்கு இடம்பெயர்ந்த ஆக்கெர்ஸ் மெக்கானிஸ்க்கே வெர்க்ஸ்டெட், 1848-இல் வந்த மீரென்ஸ், பக்கத்து லோ ஆற்றின் கரையில் 1853-இல் ஊலுஃப் ஒன்சும் நிறுவிய க்வேர்னர் எல்லாம் வார்ப்பிரும்பை நம்பிய பட்டறைகள். வார்ப்பிரும்பு மலிவு, உறுதி, சூட்டைத் தாங்கும். ஆனால் விரிசல் விட்டால் ஒட்டவைப்பது கடினம். வெல்டிங் வராத காலத்தில் இரும்புத் தூளோடு நவச்சாரமும் கொஞ்சம் கந்தகமும் குழைத்து இடுக்கில் அடைப்பார்கள். ஈரம் பட்டதும் அந்தத் தூள் துருப்பிடித்து உப்பும். உப்பி, இடுக்கை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இரும்பின் நோயையே இரும்புக்கு மருந்தாக்கிய வித்தை அது. பெரிய விரிசல் என்றால் தகடு வைத்துத் திருகாணியால் முடுக்குவார்கள்.

பக்கத்து நாடான ஸ்வீடனில் 1904-இல் ஒரு திருப்பம். கப்பல்களில் எஞ்சினியராக வேலை பார்த்த ஆஸ்கர் ஷெல்பெர்ய், கொதிகலன்களின் ரிவெட் இணைப்புகள் ஓயாமல் கசிவதைப் பார்த்துப் பார்த்து, மின்சார வில்லால் அவற்றை அடைக்கும் வழியைத் தேடினார். பூச்சுப் பூசிய வெல்டிங் ராடு அந்தத் தேடலில் பிறந்தது. கோத்தன்பர்கில் அவர் தொடங்கிய எசாப் நிறுவனத்தின் ராடுகளை இன்று நம்மூர் வெல்டிங் கடைகளிலும் பார்க்கலாம். புதுக் கப்பல் கட்டும் ஆசையிலிருந்து அல்ல, பழைய கப்பலின் கசிவை நிறுத்தும் அவசரத்திலிருந்து வந்தது அந்தக் கண்டுபிடிப்பு.

வார்ப்பிரும்பு மட்டும் எளிதில் வசப்படவில்லை. கரி அதிகம் உள்ள உலோகம் என்பதால், குளிர்ந்த நிலையில் வெல்டிங் வைத்தால் ஓரங்கள் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மைக்குப் போய், பக்கத்திலேயே புது விரிசல் ஓடும். முழு வார்ப்பையும் 500, 600 டிகிரிக்குச் சூடாக்கி, வெல்டிங் முடிந்ததும் சாம்பலுக்குள்ளோ சுண்ணாம்புத் தூளுக்குள்ளோ புதைத்து மெல்ல ஆறவிட வேண்டும். 1930-களில் டெக்சாஸ் எண்ணெய் வயல்களில் வேறொரு முறை உருவானது. தீப்பொறியே கூடாத இடம் என்பதால், விரிசலின் குறுக்கே துளை போட்டு உலோகச் சாவிகளை அடித்து இறக்கி, விரிசல் நெடுகத் திருகாணிகளைக் கோத்துத் தைத்துவிடுவார்கள். சூடே இல்லாத இந்தத் தையல், பின்னாளில் உலகத் துறைமுகங்களுக்கெல்லாம் பரவியது.

இந்தத் தையலுக்கு வெகு முன்பே அமுண்ட்சென் டீசலுக்கு மாறியிருந்தார். தென்துருவப் பயணத்துக்காக 1910-இல் ஃப்ராம் கப்பலின் நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு, ஸ்டாக்ஹோமில் செய்த 180 குதிரைத்திறன் டீசல் எஞ்சினைப் பொருத்தினார். எஞ்சினோடு கூடவே தொழிற்சாலையிலிருந்து க்னுட் சுண்ட்பெக் என்ற ஸ்வீடன்காரரும் கப்பலேறினார். மெஷினை வாங்கும்போதே அதை அறிந்த ஆளையும் சேர்த்து அழைத்துக்கொண்ட இந்த முடிவு, அமுண்ட்சென்னின் மற்றத் திட்டங்களைப் போலவே கூர்மையானது. ஃப்ராம் இன்று ஒஸ்லோவின் பிக்டோய் தீபகற்பத்தில், அதற்கென்றே 1936-இல் திறந்த அருங்காட்சியகத்தில் நிற்கிறது. யோவாவும் இப்போது அங்கேதான்.

1925-இல் அதே மனிதர் வானில் போனார். என் 25, என் 24 என்ற இரு டோர்னியர் நீர்விமானங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு ரோல்ஸ்-ராய்ஸ் ஈகிள் எஞ்சின்கள். இந்த எஞ்சினின் அமைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 12 சிலிண்டர்களும் தனித்தனி. ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய எஃகுத் தகட்டை வளைத்து வெல்டிங் வைத்த நீர் உறை. எடையைக் குறைக்கக் கையாண்ட இந்த வழியில், ஒரு விமானத்துக்கு 24 நீர் உறைகளும் அவற்றின் வெல்டிங் ஓரங்களும் கசியாமல் இருக்க வேண்டும். வடதுருவத்துக்குச் சற்று இப்பால் பனியில் இறங்கியவர்கள் மூன்றரை வாரம் சிக்கிக்கொண்டார்கள். ஆறு பேரும் பனியைக் கொத்தி ஓடுபாதை அமைத்து, ஜூன் 15 அன்று ஒரே விமானத்தில் தப்பினார்கள். கார்ல் ஃபாய்க்ட், ஆஸ்கர் ஒம்டால் என்ற மெக்கானிக்குகள் காத்த அந்த இரு எஞ்சின்களும் அன்று கிளம்பின. ஜூலையில் என் 25 ஒஸ்லோ துறைமுகத்தில் வந்திறங்கியபோது நகரமே திரண்டது.

துருவம் வரை போக வேண்டியதில்லை. ஒஸ்லோவின் குளிர்காலமே எஞ்சினைப் பிளக்கும். நீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். வார்ப்பிரும்புக்கு அதைத் தாங்கும் நெகிழ்வு இல்லை. அதனால் இரவில் வண்டியை நிறுத்தியதும் நீரை முழுதும் வடித்துவிட்டு, விடிந்ததும் வெந்நீர் ஊற்றிக் கிளப்புவது குளிர்நாட்டு டிரைவர்களின் அன்றாடக் கடமையாக இருந்தது. ஒரு நாள் மறந்தால் ஹெட்டோ சிலிண்டர் பிளாக்கோ பிளந்திருக்கும். 1920-களின் இறுதியில் கிளைகோல் கலந்த கூலன்ட் விற்பனைக்கு வந்தபிறகே இந்தப் பயம் மெல்லக் குறைந்தது.

பனி செய்யாததை மனிதன் ஆசையால் செய்துகொள்வதும் உண்டு. ஸ்காண்டிநேவிய ராலிப் பந்தயக்காரர்களின் செல்லப்பிள்ளையான வால்வோ அமேசானை எடுத்துக்கொள்வோம். 1960-களின் அந்த வார்ப்பிரும்பு ஹெட்டில் காற்று போகும் போர்ட்டைக் கை கிரைண்டரால் அகலப்படுத்தினால் எஞ்சின் இன்னும் தாராளமாக மூச்சு விடும். ஆனால் வார்க்கும்போது உள்ளிருக்கும் மணல் அச்சு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்திருந்தாலும் சுவர் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் போகும். வெளியிலிருந்து அது தெரியாது. மெலிந்த பக்கத்தில் கிரைண்டர் முனை சட்டென்று உள்ளே இறங்கும். பளபளக்கும் உலோகத்தில் கறுப்பாக ஒரு புள்ளி. நீர்ப்பாதை திறந்துகொண்டது.

அனுபவசாலி அதற்காக ஹெட்டைத் தூக்கிப் போடமாட்டார். நீர் போகும் வாய்களைத் தகடும் ரப்பரும் வைத்து அடைத்து, உள்ளே காற்றழுத்தம் ஏற்றி, ஹெட்டைத் தண்ணீரில் முக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்ப்பார். ஓட்டை ஒன்றுதான் என்பது உறுதியானபின், அதைத் துளைத்து மரை வெட்டி, கூம்பு வடிவ வார்ப்பிரும்புத் திருகாணியை இறுக்கி, மிச்சத்தைப் போர்ட்டின் வளைவோடு வளைவாகத் தேய்த்துவிடுவார். அலுமினிய ஹெட் என்றால் ஆர்கான் வெல்டிங். அதில் வேறு தொல்லைகள்: அலுமினியம் உருகப்போகிறது என்பதை நிறம் மாறிக் காட்டாது, சூட்டில் ஹெட் வளையும், வால்வு சீட் தளரும். எனவே வெல்டிங்குக்குப் பிறகு அடிப்பரப்பைச் சமமாகச் சீவி (ஃபேசிங்), மறுபடியும் காற்றுச் சோதனை செய்தாக வேண்டும். காற்று நுழையும் பக்கம் சூடு குறைவு என்பதால் எபாக்ஸி பூசியும் சமாளிக்கலாம்; புகை வெளியேறும் பக்கம் அது நிற்காது.

ஒஸ்லோவுக்கும் நம் கரைகளுக்கும் இந்தத் தொழில் வழியே ஓர் உறவு உண்டு. 1952 அக்டோபரில் நார்வே, இந்தியா, ஐ.நா. மூன்றும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி, கொல்லம் அருகே நீண்டகரையில் இந்திய-நார்வே மீன்பிடித் திட்டம் தொடங்கியது. படகுகளில் டீசல் எஞ்சின் ஏறியது அங்கே. எஞ்சினை மட்டும் இறக்கிவிட்டுப் போகாமல், சக்திகுளங்கரையில் படகுத்துறையும் ஐஸ் ஆலையும் பழுதுபார்க்கும் பட்டறையும் கட்டினார்கள். 1960-களில் திட்டம் மண்டபத்துக்கும் நீண்டது. யாழ்ப்பாணத்திலிருந்து 1956-இல் நார்வே சேர்ந்த அந்தோனி ராஜேந்திரம் முன்னின்று உருவாக்கிய சீ-நோர் நிறுவனம், காரைநகரில் படகுகளைக் கட்டியது. இழுவைமடிப் படகுகளால் கடலுக்கும் சிறு மீனவர்களுக்கும் நேர்ந்த கேடு தனிக்கதை. அந்த விமர்சனம் நியாயமானது. ஆனால் எஞ்சின் போகும் இடத்துக்குப் பட்டறையும் போக வேண்டும் என்ற அறிவு சரியானது. கடல்நீரையே உறிஞ்சிக் குளிரும் எஞ்சினில் உப்பு படிந்து நீர்ப்பாதை அடைபடும், ஹெட் அரித்துப்போகும். பட்டறை இல்லாத கரையில் அது சில வருடங்களில் பழைய இரும்பாகிவிடும்.

ஆக்கெர்ஸ் பட்டறை 1982-இல் மூடப்பட்டது. அந்த இடம் இப்போது ஆக்கெர் பிரிகெ என்ற பெயரில் உணவகங்களும் கடைகளுமாக இருக்கிறது. 2024-இல் நார்வேயில் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது மின்சாரக் கார்கள். ஹெட் கசிவை அடைக்கும் கைகள் அங்கே குறைந்துகொண்டே போகும்.

நார்வே தன் எஞ்சின்காரர்களின் பெயர்களையாவது எழுதி வைத்தது. காசிமேட்டிலும் நாகையிலும் மண்டபத்திலும் காரைநகரிலும் அரை நூற்றாண்டாக உப்பரித்த ஹெட்டுகளுக்கு உயிர்கொடுத்த மேஸ்திரிகள் பலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களின் பெயர்களையும் கைப்பழக்கத்தையும் பொறியியல் மாணவர்கள் நேரில் போய்க் கேட்டு எழுதி வைக்க வேண்டும். அதை இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.