செய்தி பரப்பியவர், செய்தி காத்தவர்



யூபிலி மலரில் திரையுலகைச் சேர்ந்த ஒருவருக்கு என்ன இடம் என்று சிலர் கேட்கலாம். 1963-ஆம் ஆண்டிலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றித் தனி ஏடு ஒன்றை வெளியிட்டது. 1967 முதல் உலகச் சமூகத் தொடர்பு நாளையும் திருச்சபை கொண்டாடி வருகிறது. ஆகவே, தமிழகத்தில் மக்கள் தொடர்புப் பணிக்கு வழிகாட்டிய ஒருவரின் வரலாற்றை நாம் அறிவது பொருத்தமே.

அவர்தான் 'பிலிம் நியூஸ்' ஆனந்தன். புகைப்படக் கலையில் ஆர்வம் கொண்டவர். 'பிலிம் நியூஸ்' என்ற பத்திரிகையில் பணியாற்றியதால் அப்பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. எம்.ஜி.ஆர். இயக்கிய 'நாடோடி மன்னன்' 1958-இல் வெளிவந்தபோது, அப்படத்தின் புகைப்படங்களைப் பத்திரிகைகளுக்குக் கொண்டு சேர்த்தவர் அவரே. தயாரிப்பாளருக்கும் பத்திரிகையாளருக்கும் இடையே பாலமாக நிற்கும் மக்கள் தொடர்பாளர் என்ற தொழில் தமிழ்த் திரையுலகில் அவரோடுதான் தொடங்கியது.

ஒரு படம் ஓடி முடிந்ததும் அத்தொழிலின் கடமையும் முடிந்துவிடும். ஆனால் ஆனந்தன் அத்துடன் நிற்கவில்லை. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' தொடங்கி, படத்தின் பெயர், வெளியான நாள், தயாரித்தவர், நடித்தவர் என ஒவ்வொன்றையும் குறித்து வைத்தார். புகைப்படங்களைச் சேர்த்தார். அச்சேகரிப்பைத் தமிழக அரசு வாங்கியது. 2004-இல் அவருடைய 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' நூலாக வந்தது. 2016 மார்ச் 21 அன்று அவர் மறைந்தார். அவர் குறித்து வைத்தவை மறையவில்லை.

காப்பவர் இல்லாவிடில் என்ன நேரும் என்பதற்கு நம் வேலூரே சாட்சி. வேலூரில் பிறந்த நடராஜ முதலியார்தான் தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான 'கீசக வதம்' எடுத்தவர். அதன் ஒரு பிரதிகூட இன்று நம்மிடம் இல்லை.

நம் பங்கின் நிலை என்ன? 1563-இல் திரிதெந்தின் பொதுச்சங்கம், பங்குக் குருக்கள் திருமணப் பதிவேடு வைத்திருக்க வேண்டும் எனக் கட்டளையிட்டது. திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றை இன்றும் நம் பங்கு ஏடுகள் காத்து வருகின்றன. ஆனால் கோவில் கட்டக் கல் சுமந்தவர் யார்? தோல் பதனிடும் ஆலையில் பகலெல்லாம் உழைத்து, மாலையில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி புகட்டியவர் யார்? எந்த ஏட்டிலும் அது இல்லை. முதியோரின் நினைவில் மட்டுமே உண்டு. வேலூர் மறைமாவட்டம் 1952-இல் உருவானபோது இளைஞராயிருந்தோர் இன்று தொண்ணூறைத் தாண்டிவிட்டனர். அவர்களுள் ஒருவர் கண்மூடும்போது ஓர் அதிகாரமே நம் கையைவிட்டுப் போகிறது.

ஆகையால் இந்த யூபிலி ஆண்டில் நாம் ஒரு காரியம் செய்வோம். வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய புகைப்படங்களை எடுத்து, படத்தில் இருப்போரின் பெயரையும் ஆண்டையும் பின்புறம் எழுதுவோம். நெமிலியிலும் சுற்றுக் கிராமங்களிலும் உள்ள பெரியோரிடம் அமர்ந்து கேட்டு, அவர்கள் சொல்வதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துப் பங்கு அலுவலகத்தில் சேர்ப்போம். நமக்குப் பின் வருவோர் தங்கள் யூபிலி மலரை எழுத அமரும்போது, அவர்கள் கை வெறுங்கையாக இராதிருக்க இறையருள் துணை நிற்பதாக!