பாரிட் சூலோங் வரை ஒரு பயணம்

மூவாரைப் பார்க்க ஒரு நாள் போதும் என்பார்கள். காலையில் பசியாறிவிட்டு, சுவரோவியங்கள் முன்னால் நாலு படம் எடுத்து, தஞ்சோங் எமாஸில் படகேறி, 1930-இல் கட்டி முடித்த சுல்தான் இப்ராஹிம் பள்ளிவாசலை ஆற்றிலிருந்தே பார்த்துவிட்டு, மீ பண்டோங் சாப்பிட்டால் ஊர் முடிந்தது.

இதே ஊரில் இன்னொரு சுற்றுலாவும் உண்டு. அதற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஆற்றங்கரையில் தொடங்கி, பக்ரி வழியாக, சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி பாரிட் சூலோங் பாலத்தில் முடியும் பாதை அது. உள்ளூரில் நாம்தான் அந்தப் பக்கம் போவதில்லை.

1942 ஜனவரி. ஜப்பானியப் பேரரசரின் காவல் படை வடகரைக்கு வந்துவிட்டது. அதைத் தடுக்க நிறுத்தப்பட்டது 45-ஆவது இந்தியப் பிரிகேட். ராஜ்புத்தானா ரைஃபிள்ஸ், ஜாட், கட்வால் ரைஃபிள்ஸ் என மூன்று பட்டாளங்கள். மத்தியக் கிழக்குக்கு அனுப்புவதற்காகத் திரட்டிய பையன்கள். பயிற்சி முடியும் முன்பே ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இறக்கிவிட்டார்கள். சுமார் 40 கிலோமீட்டர் ஆற்றங்கரையை ஒரே பிரிகேட் காக்க வேண்டும். சில கம்பெனிகளை ஆற்றுக்கு அந்தப் பக்கமே நிறுத்தினார்கள். முன்னால் எதிரி, முதுகுக்குப் பின்னால் ஆறு. 16-ஆம் தேதி மூவார் விழுந்தது.

பக்ரியில் ஆஸ்திரேலியப் படைகள் சேர்ந்துகொண்டன. பிரிகேடியர் டங்கன் இறந்ததும் ஆஸ்திரேலிய அதிகாரி ஆண்டர்சன் பொறுப்பேற்று, எஞ்சியவர்களோடு சண்டையிட்டபடியே பின்வாங்கினார். பாரிட் சூலோங் பாலம் ஏற்கெனவே ஜப்பானியர் கையில். 22-ஆம் தேதி, நடக்க முடியாத காயம்பட்டவர்களை அங்கேயே விட்டுவிட்டு மற்றவர்கள் சதுப்புக்குள் கலைந்தார்கள். விடப்பட்டவர்களில் சுமார் 110 ஆஸ்திரேலியர்களும் 40 இந்தியர்களும் அன்றே கொல்லப்பட்டார்கள்.

தப்பிப் பிழைத்து சாட்சி சொன்ன பென் ஹாக்னி ஓர் ஆஸ்திரேலியர். தளபதி நிஷிமுராவை விசாரித்து 1951-இல் தூக்கிலிட்டதும் ஆஸ்திரேலிய நீதிமன்றம்தான். அதனால் கதையும் அவர்களுடையதாகவே வளர்ந்தது. ஆண்டர்சனுக்கு விக்டோரியா சிலுவை கிடைத்தது. அந்த 40 பேர் ஓர் எண்ணிக்கையாக நின்றுபோனார்கள்.

இதில் ஆஸ்திரேலியர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தங்கள் பிள்ளைகளைத் தேடி வந்தார்கள், அவ்வளவுதான். ராஜஸ்தானிலிருந்தும் கட்வால் மலையிலிருந்தும் மூவாருக்கு யார் வரப்போகிறார்கள்? சரி, நமக்காவது அவர்கள் யார்? தமிழர்கள் இல்லை, தோட்டத்து ஆட்களும் இல்லை. அதனால் நாமும் கேட்டுக்கொள்வதில்லை.

ஆனால் கேட்பாரற்றுப் போவது எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியாததா? சயாம் ரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்களை நினைத்துப் பார்க்கலாம். காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசை வரிசையாக, பெயரோடு இருக்கின்றன. சுற்றுலாப் பேருந்துகள் அங்கே நிற்கின்றன. செத்துப்போன நம்மாட்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல்லறை வரிசை கிடையாது. தேடி வருகிறவர் இருக்கும் இடத்தில்தான் பேருந்து நிற்கும்.

அடுத்த முறை நண்பர்களை மூவாருக்குக் கூட்டிப் போனால், மீ பண்டோங்குக்குப் பிறகு இன்னும் கொஞ்சம் வண்டியோட்டிப் பாரிட் சூலோங்குக்குப் போகலாம். பாலத்தருகே நின்று ஆஸ்திரேலியர்களின் கதையை முழுதாகச் சொல்லிவிட்டு, கூடவே ராஜ்புத்தானா, ஜாட், கட்வால் என்று மூன்று பெயர்களையும் சேர்த்துச் சொன்னால் போதும். ஆட்களின் பெயர் தெரியாவிட்டாலும் பட்டாளத்தின் பெயராவது தெரியும்.