திருத்தணிகைக் கற்றளியும் அபராசிதன் வெண்பாவும்

திருத்தணிகை என்றவுடன் நம் உள்ளத்தில் தோன்றுவன குன்றும் அதன்மேல் விளங்கும் முருகன் கோயிலுமே யாம். ஆண்டின் நாள்களுக்கு ஒப்ப அமைந்த 365 படிகளை அறியாதார் இலர். அருணகிரிநாதர் இத்தலத்தின்மேற் பாடிய திருப்புகழ்ப் பாடல்கள் பலவாதலின், பிற்காலத்தார் கண் மலைமீதே நிலைத்ததில் வியப்பில்லை. ஆயினும் வரலாறு தேடுவார் படியேறுதற்கு முன்னர்க் கீழே உள்ள வீரட்டானேசுவரர் கோயிலைக் காணுதல் வேண்டும்.

அளவிற் சிறிய கோயில் அது. பின்புறம் யானையின் முதுகுபோல் வளைந்த தூங்கானை மாடம். மாமல்லபுரத்துச் சகாதேவ ரதத்தில் ஒற்றைப் பாறையிற் செதுக்கிய அவ்வடிவத்தை ஈண்டுக் கருங்கற்களை அடுக்கி எழுப்பியுள்ளனர். பல்லவன் அபராசிதனது 18ஆம் ஆட்சியாண்டுக் காலத்தில், கி. பி. 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இதனை எடுப்பித்தவன் நம்பி அப்பி என்பான். அவனைப் புகழும் வெண்பா ஒன்று அங்கே பொறிக்கப்பெற்றுள்ளது. அதனை இயற்றியவன் அரசனே என அக்கல்வெட்டே கூறுகின்றது! புலவர் அரசரைப் பாடுதல் நம் நாட்டு வழக்கு. இங்கோ அரசன் தன் ஆட்சிக்குட்பட்ட ஒருவனது திருப்பணியைப் பாடுகின்றான். பிராகிருதத்திலும் வடமொழியிலும் பட்டயம் வெளியிடத் தொடங்கிய மரபில் வந்தவன் வெண்பாப் பாடினான் என்பது பல்லவர் எவ்வளவு தமிழராயினர் என்பதற்குத் தக்க சான்றாகும்.

அவ்வரசனை முதலாம் ஆதித்த சோழன் வென்றான். தொண்டைமண்டலம் சோழர் வசமாயிற்று. திருத்தணிக்கு அண்மையிலுள்ள வேளஞ்சேரியில் 1977இல் இரு செப்பேட்டுத் தொகுதிகள் ஒருங்கே கிடைத்தன. ஒன்று அபராசிதனுடையது, மற்றொன்று ஆதித்தன் மகன் முதற் பராந்தகனுடையது. தோற்றவனும் வென்றவன் மகனும் அளித்த பட்டயங்கள் ஓரிடத்தே கிடந்தமை எண்ணத்தக்கது.

1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபொழுது, சித்தூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்த திருத்தணி அதனோடு சென்றது. மங்கலங்கிழார், ம. பொ. சிவஞானம் முதலியோர் மீட்சிக்குப் போராடினர். படாஸ்கர் ஊரை அலகாகக் கொண்டு, பெரும்பான்மையோர் மொழியையும் நிலத் தொடர்ச்சியையும் நோக்கி முடிவு கூறினார். 1959இல் சட்டம் இயன்றது. 1960 ஏப்பிரல் 1இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. வெண்பாக் கல்வெட்டை எல்லைக்குச் சான்றாகக் காட்டும் ஆர்வம் இயல்பே. ஆயினும் எனக்கு அஃது உடன்பாடன்று. எல்லையை வகுத்தது அன்று அவ்வூர்களில் வாழ்ந்த மக்களின் மொழிக்கணக்கே. அபராசிதன் பாடியதோ ஒரு கற்றளியையும் அதனைக் கட்டியவனையும்.