மைப்படி எடுத்தவர்கள்

1886-இல் சென்னை மாகாண அரசு, இயூகன் ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானிய வடமொழி அறிஞரைக் கல்வெட்டு ஆய்வாளராக நியமித்தது. அவரோடு வெங்கையா உழைத்தார். பின்னால் கிருஷ்ண சாஸ்திரி வந்தார். 1890-இல் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' முதல் தொகுதி அச்சானது. பல்லவர், சோழர் வரலாறு என்று இன்று பள்ளிப் பிள்ளைகள் படிப்பதில் பெரும்பகுதி அவர்களுடைய அலுவலகம் சேர்த்த கல்வெட்டுப் படித் தாள்களிலிருந்து எழுந்தது. தொகுதிகளின் முகப்பில் அறிஞர்களின் பெயர் இருக்கிறது. வெயிலில் கோயில் சுவரோடு சுவராக நின்று அந்தத் தாள்களை அடித்தெடுத்தவர்களின் பெயர் பெரும்பாலும் இல்லை. நான் எழுத வந்தது அவர்களுடைய வேலையைப் பற்றி. வரலாறு படித்த காலத்தில் அதைக் கற்றுக்கொண்டேன். ஆசிரியை ஆன பிறகும் விடவில்லை.

அந்த வேலைக்கு மைப்படி எடுப்பது என்று பெயர். முதலில் கல்லைக் கழுவ வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு, தலைமுறை தலைமுறையாக அடித்த சுண்ணாம்பு, பாசி எல்லாம் எழுத்துக்குள் அடைந்து கிடக்கும். எழுத்து சிதையாமல் அதை எடுப்பதற்கே அரை நாள் போய்விடும். பிறகு கனமான தாளை நீரில் நனைத்துக் கல்லில் ஒட்டி, கெட்டியான பிரஷ்ஷால் ஓரத்திலிருந்து ஓரம் வரை அடிக்க வேண்டும். உள்ளே காற்று நின்றால் தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்காது. ஓங்கி அடித்தால் கிழியும், தயங்கி அடித்தால் எழுத்து விழாது. தாள் பாதி உலரும் பதம் ஒன்று இருக்கிறது. அப்போதுதான் மை தோய்த்த துணிப் பந்தால் ஒற்ற வேண்டும். ஈரம் மிஞ்சியிருந்தால் மை பரவி எல்லாம் கரியாகிவிடும். நன்றாக உலர்ந்துவிட்டாலோ தாள் கல்லை விட்டு எழும்பிவிடும். பதம் சரியாக வாய்த்தால் கறுப்புத் தளத்தில் வெள்ளை எழுத்து வரிவரியாக எழுந்து வரும். உரித்துக் காயவைத்து, எந்த ஊர், எந்தக் கோயில், அடித்தளத்தில் குமுதமா பட்டிகையா, வடசுவரா தென்சுவரா என்று பின்புறம் எழுதி மடித்து வைக்க வேண்டும். அதன் பிறகு அடுத்த தாள்.

இதற்கு முன்னும் கல்வெட்டுகளைப் பிரதி எடுத்தார்கள். கர்னல் காலின் மெக்கன்சிக்காகக் காவலி போரய்யாவும் அவர் தம்பி லக்ஷ்மய்யாவும் ஊர் ஊராகப் போய்ச் சேகரித்தவை அளப்பரியவை. ஆனால் கண்ணால் பார்த்துக் கையால் எழுதும் பிரதியில், எழுதுகிறவர் தமக்குப் புரிந்ததைத்தான் எழுதுவார். பழைய கல்வெட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இராது, ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலவே இருக்கும். மைப்படியில் எடுப்பவருக்குப் புரியாததும் அப்படியே பதியும். நூறு வருஷம் கழித்து இன்னொருவர் அதே தாளை விரித்து வேறு விதமாகப் படிக்கலாம். இந்த வேலையின் பெருமை அங்கேதான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சலிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். தாளில் விழுவது போர்க் கதை என்று எதிர்பார்த்துப் போகிறவருக்கு முக்கால்வாசி நாள் ஏமாற்றம்தான். 'ஸ்வஸ்திஸ்ரீ' என்று தொடங்கும், அரசனைப் புகழும் மெய்க்கீர்த்தி ஓடும், பிறகு இன்னார் இந்தக் கோயிலுக்கு ஒரு நந்தா விளக்கு எரிக்கத் தொண்ணூற்றாறு ஆடு கொடுத்தார் என்று முடியும். அடுத்த கல்லிலும் ஆடு. அதற்கடுத்த கல்லிலும் ஆடு. எங்களைப் பழக்கிய பெரியவர் என் முகம் தொங்கியதைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு ஆட்டை மட்டும் பாரும்மா. எத்தனை ஆடு, யாரு குடுத்தா, எதுக்குக் குடுத்தா. அது போதும்" என்றார்.

அன்று முதல் எனக்கு அந்த வேலை வேறாகிவிட்டது. ஒரு கோயிலில் தொண்ணூறு ஆடு, இன்னொன்றில் தொண்ணூற்றாறு. ஏன்? தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடு, அல்லது நாற்பத்தெட்டுப் பசு, அல்லது பதினாறு எருமை என்று கணக்கு நிற்கிறது. நாள்தோறும் ஓர் உழக்கு நெய் வர வேண்டும், அதற்குத்தான் இத்தனையும். எந்த இடையர் எத்தனை ஆட்டுக்குப் பொறுப்பு, அவருக்கு யார் பிணை என்பது வரை கல்லில் இருக்கிறது. கொடுத்தவர்களில் அரசியர் உண்டு, வணிகர் உண்டு. வேட்டையில் தவறுதலாக ஒருவனை அம்பெய்து கொன்றுவிட்டு, நாட்டார் கூடிச் சொன்னபடி விளக்கு வைத்தவர்களும் உண்டு. அந்தக் கல்லைத் தேடி அடுத்த சுவருக்குப் போக யாரும் என்னை வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை.

இப்படி எண்ணிப் பார்ப்பதையே ஆராய்ச்சியாகச் செய்தவர் நொபோரு கராஷிமா. ஜப்பானிலிருந்து வந்து தமிழ் கற்று, சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களையும் பட்டங்களையும் ஒவ்வொன்றாக எண்ணினார். எ. சுப்பராயலு, தோரு மட்சுயி இருவரோடும் சேர்ந்து அவர் தொகுத்த பெயரடைவு 1978-இல் மூன்று தொகுதிகளாக வந்தது. வாசிக்க உட்கார்ந்தால் பெயரும் எண்ணும்தான். ஆனால் அவர் 1966-இலேயே காவிரிக்கரையில் அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு ஊர்களின் கல்வெட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டிருந்தார்: நிலத்தை விற்பது யார்? பிராமணர்களுக்குக் கொடையாக விடப்பட்ட பிரமதேயமான ஈசானமங்கலத்தில் தனி ஆட்கள் விற்கிறார்கள்; அல்லூரில் ஊராரே சேர்ந்து விற்கிறார்கள். சோழ நாட்டில் நிலம் யாருடையது என்ற விவாதம் அந்த எண்ணிக்கையால் திசை மாறியது. சுப்பராயலுவும் அப்படித்தான். கல்வெட்டில் வரும் ஊர்ப்பெயர்களை இன்றைய வரைபடத்தில் தேடித் தேடிப் பொருத்தி, சோழ நாட்டின் உட்பிரிவுகளான நாடுகளை வரைந்து 1973-இல் நூலாக்கினார். அவருக்கு முன் வெறும் பெயர்களாகக் கிடந்த நாடுகளுக்கு எல்லை கிடைத்தது.

பெரிய கோயிலின் தளிச்சேரிக் கல்வெட்டை நினைத்தால் எனக்கு இப்போதும் மெய் சிலிர்க்கிறது. இராசராசன் தஞ்சைக்கு வரவழைத்துக் குடியேற்றிய நானூறு ஆடல் மகளிரின் பெயர்கள் அதில் உள்ளன. எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்று ஒருவரையும் விடாமல் சொல்கிறது. ஆண்டுக்கு ஆளுக்கு நூறு கலம் நெல். கல்லில் வெட்டியவருக்கு அது எவ்வளவு சலிப்பாக இருந்திருக்கும்! அவரும் பாதியில் விடவில்லை, தாளில் அடித்தெடுத்தவரும் விடவில்லை. அதனால் ஆயிரம் ஆண்டு கழித்து அந்தப் பெண்களைப் பெயர் சொல்லி அழைக்க முடிகிறது.

தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் நெடுங்காலம் உதகையிலும் பின்னர் மைசூரிலும் இருந்தன. 2021-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவர உத்தரவிட்டது. அவற்றுள் அச்சேறாதவை இன்னும் இருக்கின்றன. படியே எடுக்கப்படாத கற்களும் சிற்றூர்க் கோயில்களில் இருக்கின்றன. திருப்பணி என்ற பெயரில் மணல் வீச்சு எந்திரத்தால் சுவரைத் தேய்த்தால் எழுத்து போய்விடும். எந்தப் பணமும் அதை மீட்டுத் தராது. உங்கள் ஊர்க் கோயிலில் குடமுழுக்கு வேலை தொடங்கப் போகிறது என்றால், ஒரு மாலை நேரம், சாய்வெயில் சுவரில் படும்போது அதிட்டானம் என்ற அடித்தளத்தைச் சுற்றி வந்து பாருங்கள். எழுத்து தெரிந்தால் படம் எடுத்துத் தொல்லியல் துறைக்கு அனுப்புங்கள். படி எடுத்து முடியும் வரை அந்தச் சுவரில் கை வைக்க வேண்டாம் என்று திருப்பணிக் குழுவினரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.