ஏகாண்ட வீணை

ஏகாண்ட வீணை என்பது குடம், தண்டி, கழுத்து ஆகிய முதன்மை உறுப்புகள் ஒரே மரத்துண்டிலிருந்து குடைந்து செய்யப்படும் தஞ்சாவூர் வீணை வகை ஆகும். இது ஏகாந்த வீணை எனவும் வழங்கப்படுகிறது. உறுப்புகளைத் தனித்தனியே செய்து இணைத்தால் அது ஒட்டு வீணை எனப்படும். தஞ்சாவூர் வீணை 2013 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது.

வரலாறு

24 மெட்டுகள் கொண்ட இன்றைய வீணை அமைப்பு, 17 ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில் உருவானதாகக் கருதப்படுகிறது.

மரத் தேர்வு

வீணை பலா மரத்தால் செய்யப்படுகிறது. தஞ்சாவூர்த் தச்சர்களுக்கு வேண்டிய மரம் பெரும்பாலும் கடலூர் மாவட்டத்துப் பண்ருட்டிப் பகுதியிலிருந்து வருகிறது. வீணையின் நீளம் ஏறத்தாழ 4 அடி. ஒட்டு வீணையில் குடத்திற்குக் குட்டையான பருத்த துண்டும், தண்டிக்கு ஒடுங்கிய நீண்ட துண்டும் போதுமானவை. ஏகாண்ட வீணைக்கோ, குடத்தின் அகலம் கொண்ட கட்டை முழு நீளத்திற்கும் தேவை. தண்டி அமையும் பகுதியில் பெருமளவு மரம் செதுக்கி நீக்கப்படுகிறது. ஆகவே முதிர்ந்த பருத்த மரமே இதற்குப் பயன்படும்.

உலர்த்தல்

பச்சை மரம் உலரும்போது சுருங்கும். பொதுவாக, ஆண்டு வளையங்களின் போக்கில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் ஏற்படுவதைப் போல் ஏறத்தாழ இரு மடங்காகும். இவ்வேறுபாட்டால் முழு உருளையாக உலரும் மரம் வெளிப்புறத்திலிருந்து மையம் நோக்கி வெடிக்கும். மரத்தைப் பிளந்து, நடுப்பகுதியைத் தவிர்த்து, நிழலில் மெல்ல உலர விடுவது வெடிப்பைக் குறைக்கும். வெட்டுமுனைகள் வழியே ஈரம் விரைந்து வெளியேறுவதால் அங்குதான் பிளவு முதலில் தோன்றும்.

ஒட்டு வீணையில் பழுதான உறுப்பை மட்டும் மாற்றலாம். ஏகாண்ட வீணையில் தண்டியில் விழும் ஒரு பிளவு, குடத்திற்குரிய மரத்தையும் வீணாக்கிவிடும். நன்கு உலராத மரத்தில் வேறொரு குறையும் உண்டு. வீணை முடிந்த பின்னரும் தண்டி வளைந்தால், மெழுகுக் கலவையில் பதித்த மெட்டுகளின் மட்டம் மாறி, தந்தி சில மெட்டுகளில் உரசி இரையும்.

குடைதலும் இணைத்தலும்

உலர்ந்த கட்டை வாய்ச்சி, உளி ஆகியவற்றால் செதுக்கிக் குடையப்படுகிறது. குடத்தை மூடும் பலகை, குதிரை, மெட்டுகள், பிரடைகள், சுரைக்காய் ஆகியன தனியே பொருத்தப்படுவன. ஆகவே 'ஒரே மரம்' என்பது வீணையின் உடலையே குறிக்கும். முழுக் கருவியையும் அன்று.

இன்றைய நிலை

உடலில் ஒட்டு இல்லாததால் அதிர்வு தடையின்றிப் பரவுவதாக இசைக்கலைஞர் பலர் கருதுகின்றனர். எனினும் பருத்த பலா மரம் அரிதாகி விலையும் உயர்ந்துள்ளதால், ஒட்டு வீணைகளே மிகுதியாகச் செய்யப்படுகின்றன.

இவற்றையும் பார்க்க

வீணை
பலா
தஞ்சாவூர்